அப்பாவின் கணக்கு

அப்பாவுக்குச் சிறுமூளையில் பக்கவாதம் வந்தபோது, கூலிம் பக்கம் எங்கள் தோட்டத்தில் "தண்ணி போட்டுட்டு ஆடுறாரு" என்றார்கள். நடை தேறிவிட்டது. ஆனால், கித்தா மரத்துக்குக் காயம் படாமல் பட்டையைச் சீவிய மனிதருக்குக் கடைக் கணக்கை வரிசையாகச் சொல்ல வரவில்லை. சொல்லுக்குத் திணறுவார், திடீரென்று சீறுவார். "வேணும்னே பண்றீங்களாப்பா?" என்று ஒருநாள் கத்திவிட்டேன்.

சிறுமூளை என்றால் உடம்பின் சமநிலை. பள்ளியில் மனனம் செய்தது அவ்வளவுதான். மூளையின் எடையில் பத்தில் ஒரு பங்குதான் அது; நரம்பணுக்களிலோ ஏறக்குறைய 80 விழுக்காடு அங்கேதான். அங்கே அடிபட்டால் திட்டமிடல், பேச்சு, உணர்ச்சி எல்லாம் குலையலாம் என்று ஷ்மாமனும் ஷெர்மனும் 1998லேயே எழுதிவிட்டார்கள். நான் படித்தது அப்பா போன பிறகு.

அன்று அவர் வாயைத் திறந்து ஏதோ சொல்லைத் தேடிக்கொண்டிருந்தார். நான் காத்திருக்காமல் மோட்டாரை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.