பழைய பார்ட்ஸ் போதும் பாஸ்!

ஹாஸ்டல்ல ‘ப்ளே ஸ்டேஷனா, எக்ஸ்பாக்ஸா?’னு எவனாவது பத்தவெச்சா போதும்... கிராஃபிக்ஸ், டெராஃப்ளாப்ஸ்னு ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் பட்டிமன்றம்தான். நான் ‘நின்டெண்டோ’னு வாயைத் திறந்தா, ‘‘மச்சி, அது பொம்மைக் கம்பெனிடா!’’னு மொத்த ரூமும் சிரிக்கும்.

சிரிக்கட்டும். 1889-ல் ஜப்பானின் கியோட்டோவில் சீட்டுக்கட்டு தயாரிக்க ஆரம்பிச்ச கம்பெனி, இன்னிக்கும் தாக்குப்பிடிக்குதே, எப்படி?

பாதி பதில் குன்பே யோகோய்கிட்ட இருக்கு. எலெக்ட்ரானிக்ஸ் படிச்சவர். அங்கே அவருக்குக் கிடைச்ச முதல் வேலை, சீட்டுக்கட்டு மெஷின்களைப் பராமரிக்கிறது! (நம்ம சீனியர்கள் சிலருக்கு இந்த வலி புரியும்.) ஒருநாள் ரயில்ல, ஒருத்தர் போரடிச்சுப்போய் கால்குலேட்டர் பட்டனைத் தட்டி விளையாடுறதைப் பார்த்தார். கால்குலேட்டர் கம்பெனிகள் அடிச்சிக்கிட்டதுல எல்.சி.டி. திரை மலிவாகியிருந்த நேரம் அது. அதை வெச்சே 1980-ல் ‘கேம் அண்ட் வாட்ச்’ பிறந்தது. புது டெக்னாலஜி பின்னாடி ஓடாதே... விலை விழுந்த பழைய பார்ட்ஸை எடுத்து, யாரும் யோசிக்காத வேலையை அதுகிட்ட வாங்கு. இதுதான் யோகோய் ஸ்டைல்.

1989-ல் வந்த ‘கேம்பாய்’ல கலர்கூட கிடையாது. அடுத்த வருஷமே சேகா, கலர் திரையோட ‘கேம் கியர்’ விட்டது. சூப்பர்தான்... ஆனா, ஆறு பேட்டரியை சில மணி நேரத்துல குடிச்சிடும்! கலர் மாடலையும் சேர்த்து கேம்பாய் வித்தது 11 கோடிக்கு மேல. சேகா 2001-ல் கன்சோல் தயாரிப்பையே விட்டுடுச்சு.

2006-ல் சோனி, ப்ளே ஸ்டேஷன் 3-ஐ அடக்கவிலைக்கும் கீழே வித்துச்சு. அதே வருஷம் வந்த நின்டெண்டோவின் ‘வீ’ பவர்ல ரொம்பச் சுமார். ஆனா, ரிமோட்டைக் கையில பிடிச்சு வீசினா டென்னிஸ் ஆடலாம். தாத்தா பாட்டிகூட ஆடினாங்க. 10 கோடி தாண்டிடுச்சு.

அடியும் வாங்கியிருக்காங்க. 2012-ல் வந்த ‘வீ யூ’ மொத்தமே 1.35 கோடிதான். அப்போ தலைவர் சடோரு இவாடா. 2014-ல் சில மாசத்துக்குத் தன் சம்பளத்தைப் பாதியாக் குறைச்சுக்கிட்டார். ஆட்களைத் தூக்குறதுல அவருக்கு உடன்பாடு இல்லை. பயந்துகிட்டே வேலை பார்க்கிறவன் ஜாலியான கேம் எப்படிப் பண்ணுவான்கிறது அவர் கட்சி.

இந்த இடம் எனக்கு சும்மா தகவல் இல்லை. போன வருஷம் எங்க அண்ணன் டீமையே ஒரு மெயில்ல வீட்டுக்கு அனுப்பினாங்க. கம்பெனி லாபத்துலதான் ஓடிச்சு. அம்மா இன்னும் சொந்தக்காரங்ககிட்ட சொல்லலை. எனக்கு அடுத்த வருஷம் ப்ளேஸ்மென்ட்!

இவாடா 2015-ல் இறந்துட்டார். அவர் காலத்துல ஆரம்பிச்ச ‘ஸ்விட்ச்’ 2017-ல் வந்தது. உள்ளே இருந்தது 2015-லேயே வேற பெட்டியில வந்த என்விடியா சிப்தான். 15 கோடிக்கு மேல வித்தாச்சு! அதுக்காக இவங்க ஒண்ணும் வள்ளல் இல்லை. 2025-ல் ‘ஸ்விட்ச் 2’ வந்தப்போ அமெரிக்காவில் 450 டாலர். பழசு அறிமுகமான விலையைவிட 150 அதிகம்.

மினி ப்ராஜெக்ட்டுக்கு ஆளுக்கு மூவாயிரம் போட்டு புது போர்டு வாங்கலாம்கிறாங்க பசங்க. லேப் அலமாரியில ரெண்டு டஜன் பழைய எல்.சி.டி. தூங்குது. அட்டெண்டர் அண்ணன்கிட்ட சாவி கேட்டிருக்கேன்!