வேண்டுமென்றே தோற்பவர்கள்

இவ்வாரத் தியானப் பகுதி: ஆதியாகமம் 13:5–12



2012-ஆம் ஆண்டு ஜூலை 31-ஆம் நாள் மாலை, லண்டன் ஒலிம்பிக் போட்டியின் இறகுப்பந்து ஆட்டங்கள் வெம்பிளி அரங்கில் நடந்துகொண்டிருந்தன. பெண்கள் இரட்டையர் பிரிவில் உலகின் முதல்நிலை ஜோடியான சீனாவின் வாங் சியாவோலி, யூ யாங் இருவரும் தென்கொரிய ஜோடியை எதிர்த்து ஆடினார்கள். ஆடினார்கள் என்று சொல்வதே மிகை. சர்வீஸ் பந்து வலையில் போய் விழுந்தது. எளிய பந்து எல்லைக்கு வெளியே பறந்தது. முதல் செட்டில் மிக நீண்ட பந்துப் பரிமாற்றமே நான்கு அடிகள்தான். கொரியரும் விரைவிலேயே அதே வழியில் இறங்கினார்கள். காசு கொடுத்து வந்த மக்கள் கூச்சலிட்டார்கள். தலைமை நடுவர் களத்துக்குள் வந்து எச்சரித்தார். முடிவில் கொரிய ஜோடி 21–14, 21–11 என்று “வென்றது”.

இந்த விநோதத்துக்குக் காரணம் ஒரு கணக்கு. அந்த ஒலிம்பிக்கில்தான் இறகுப்பந்துக்கு முதன்முறையாகப் பிரிவுச் சுற்று வைத்திருந்தார்கள். இரு ஜோடிகளுமே காலிறுதிக்கு ஏற்கெனவே தகுதி பெற்றாயிற்று. ஆனால் அன்று காலை மற்றொரு சீன ஜோடி டென்மார்க்கிடம் எதிர்பாராமல் தோற்று, தன் பிரிவில் இரண்டாம் இடத்துக்கு இறங்கிவிட்டது. இனி வாங்கும் யூவும் தங்கள் பிரிவில் முதலிடம் பெற்றால், இறுதிப் போட்டிக்கு முன்பே சொந்த நாட்டவரோடு மோத நேரிடும். தோற்றால் அந்த மோதல் தள்ளிப்போகும். சற்று நேரத்தில் மற்றொரு கொரிய ஜோடியும் இந்தோனேசிய ஜோடியும் அதே கூத்தை ஆடின. அங்கே வென்றவர் அடுத்து வாங்–யூ ஜோடியை அல்லவா சந்திக்கவேண்டும்!

மறுநாள் உலக இறகுப்பந்துக் கூட்டமைப்பு எட்டு வீராங்கனைகளையும் தகுதி நீக்கம் செய்தது. வெல்வதற்கு முழு முயற்சி எடுக்கவில்லை என்பதும் விளையாட்டுக்குக் கேடு விளையும்படி நடந்துகொண்டார்கள் என்பதும் குற்றச்சாட்டு. வெளியேறியிருந்த கனடா, ரஷ்யா, ஆஸ்திரேலியா, தென்னாப்பிரிக்கா ஜோடிகள் திரும்ப அழைக்கப்பட்டன. அவர்களில் ஒருவர், மலேசியாவில் பிறந்து ஆஸ்திரேலியாவுக்காக ஆடிய ரேணுகா வீரன். பெயரைக் கேட்டதும் நம் வீட்டுப் பிள்ளை என்று தோன்றுகிறது அல்லவா? ரஷ்ய ஜோடி வெண்கலப் பதக்கமே பெற்றது. தண்டனை பெற்ற இந்தோனேசிய வீராங்கனைகளில் ஒருவரான கிரேசியா பொலி, ஒன்பது ஆண்டுகள் கழித்து, 2021-இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் தங்கம் வென்றார். அது தனியே தியானிக்க வேண்டிய செய்தி.

இந்த வாரம் என் மனம் தங்கி நிற்பது வேறு இருவரிடத்தில். நம் நாட்டின் ஜ்வாலா கட்டாவும் அஸ்வினி பொன்னப்பாவும் 2010 காமன்வெல்த் போட்டியில் தங்கம் வென்றவர்கள். லண்டனில் ஜப்பானிடம் தோற்றாலும், தைவானையும் சிங்கப்பூரையும் வென்றார்கள். பிரிவில் மூன்று ஜோடிகள் சமநிலையில் நின்றன. புள்ளிகளைக் கூட்டிக் கழித்துப் பார்த்தபோது, ஒரே ஒரு புள்ளி வித்தியாசத்தில் இந்தியா வெளியேறியது. தைவானிடம் ஜப்பான் தோற்ற விதம் ஐயத்துக்குரியது என்று இந்தியா முறையிட்டது, முறையீடு ஏற்கப்படவில்லை. அந்த ஜப்பானிய ஜோடி பின்னர் வெள்ளிப் பதக்கம் வென்றது.

ஜப்பானிய வீராங்கனைகள் நேர்மையாகவே தோற்றிருக்கலாம். அவர்கள்மேல் குற்றம் சுமத்த எனக்கு உரிமை இல்லை. ஆனால் கவனியுங்கள்: வேண்டுமென்று தோற்பது வழக்கமாகிவிட்ட இடத்தில், உண்மையாகத் தோற்றவனையும் ஒருவரும் நம்புவதில்லை. இது ஒரு நஷ்டம். மற்றொரு நஷ்டம், களத்திலேயே இல்லாத மூன்றாம் அணிக்கு நேர்வது. தோற்பவனுக்கு ஆதாயம், வெல்பவனுக்கும் வருத்தமில்லை. வெளியே நின்று பலகையைப் பார்த்துக்கொண்டிருப்பவன்தான் பெட்டியைக் கட்டவேண்டும்.

ஒலிம்பிக் நமக்குத் தூரம் என்று எண்ணிவிடாதீர்கள். நம் ஒரகடத்துத் தொழிற்சாலை ஒன்றில், பிரிவுகளுக்கிடையே கிரிக்கெட் போட்டி நடந்தது. எந்தத் தொழிற்சாலை என்பது இங்கே வேண்டாம். நம் சபையின் வாலிபன் ஒருவன், ஒப்பந்தத் தொழிலாளி, நன்றாகப் பந்து வீசுகிறவன், ஆராதனை முடிந்து எல்லோரும் போனபின் என்னிடம் வந்தான். அவன் அனுமதியோடுதான் எழுதுகிறேன். அவனுடைய அணி அரையிறுதிக்குப் போய்விட்டது. கடைசி லீக் ஆட்டத்தில் ஸ்டோர்ஸ் அணியிடம் தோற்றால், பெயிண்ட் ஷாப்பின் பலமான அணியை அரையிறுதியில் சந்திக்க வேண்டியதில்லை. அணித்தலைவர் வேலையிலும் அவனுக்கு மேலாளர். “கடைசி ஓவர் லூசா போட்டுடு” என்று சொல்லியிருந்தார். ஒப்பந்தம் புதுப்பிக்கப்படும் மாதம் அது.

“பாஸ்டர், நாலு ரன் விட்டுக்கொடுக்கிறது பாவமா?” என்றான்.

“ஸ்டோர்ஸ் ஜெயிச்சா யாருப்பா வெளியே போவாங்க?” என்று கேட்டேன்.

சற்று யோசித்தான். “கேண்டீன் பசங்களும் ஹவுஸ்கீப்பிங் அண்ணன்களும் சேர்ந்து ஒரு டீம் போட்டிருக்காங்க. அவங்கதான்.” அதற்குமேல் அவன் ஒன்றும் கேட்கவில்லை.

ஒன்றைப் பிரித்தறிய வேண்டும். அரையிறுதிக்கு முன் களைத்த வீரனுக்கு ஓய்வு கொடுத்து, புதியவனை இறக்குவது தவறன்று. இறங்கிய பதினொருவரும் வெல்லத்தான் முயல்கிறார்கள். கேரம் பலகையில் தகப்பன் மகளுக்கு விட்டுக்கொடுப்பதும் வேறு. அங்கே தகப்பன் பெறும் ஆதாயம் அவள் சிரிப்பு மட்டுமே. தோல்வியைத் திட்டமிடுவதில் எல்லாம் ஒரேவகை அல்ல.

தியானப் பகுதிக்கு வருவோம். ஆபிராமின் மேய்ப்பருக்கும் லோத்தின் மேய்ப்பருக்கும் வாக்குவாதம். பெரியவர் ஆபிராம், முதலில் தெரிந்துகொள்ளும் உரிமை அவருடையது. அவரோ சகோதரன் மகனை நோக்கி, நீ எந்தப் பக்கம் போனாலும் நான் மறுபக்கம் போகிறேன் என்ற பொருளில் சொல்லிவிட்டார். லோத்து நீர்வளமுள்ள யோர்தான் சமவெளியை எடுத்துக்கொண்டான். இதுவும் வேண்டுமென்றே ஏற்ற தோல்விதான். ஆனால் ஆபிராம் அதை மறைவில் செய்யவில்லை; எதிரில் நின்று, வாய்திறந்து சொல்லிச் செய்தார். நஷ்டம் முழுவதும் அவர் மந்தைக்கே. மூன்றாம் மனிதன் ஒருவன் அதற்காகக் கூடாரத்தைப் பிடுங்க நேரிடவில்லை.

கெத்செமனேயில் நம் ஆண்டவர் பன்னிரண்டு லேகியோனுக்கு அதிகமான தூதரைக் கேட்டுப் பெற்றிருக்கக் கூடும்; மத்தேயு 26-ஆம் அதிகாரத்தில் அவரே அதைச் சொல்கிறார். கேட்கவில்லை. பின்னர் வந்த மகிமைக்காகத்தானே அவரும் தோற்றார் என்று வேதபாட வகுப்பில் ஒருமுறை ஒரு சகோதரர் கேட்டார். நல்ல கேள்வி. வெம்பிளியில் தோற்றவர்கள் விலையைப் பிறர் தலையில் வைத்தார்கள். சிலுவையில் விலையைக் கொடுத்தவர் அவர் ஒருவரே. சீடர்களைக்கூடப் போகவிடும்படி, பிடிக்க வந்தவர்களிடம் அவர் கேட்டுக்கொண்டதை யோவான் 18-இல் வாசிக்கிறோம்.

அந்த வாலிபன் ஆட்டத்துக்கு முன் அணித்தலைவரிடம் போய், தன்னால் அப்படி வீச முடியாது, வேண்டுமானால் தன்னை வெளியே உட்கார வைக்கலாம் என்று சொல்லிவிட்டான். இதைச் செய்யும்படி நான் அவனுக்குக் கட்டளையிடவில்லை. வாடகையும் தங்கையின் கல்லூரிக் கட்டணமும் கட்டுகிறவன் அவன். பிரசங்க மேடையிலிருந்து தைரியம் சொல்வது எளிது. வேறொருவன் அந்த ஓவரை வீசினான். அணி திட்டப்படி தோற்றது; கேண்டீன் பிள்ளைகள் வெளியேறினார்கள்; பின்னர் அவன் அணியே கோப்பையையும் வென்றது. அறிவிப்புப் பலகையில் உள்ள படத்தில் அவன் இல்லை. அவனோடு சேர்ந்தவர்களுக்கு ஒப்பந்தம் ஆறு மாதத்துக்குப் புதுப்பிக்கப்பட்டது. அவனுக்கு மூன்று மாதம். இரண்டுக்கும் தொடர்பு உண்டென்று யாரும் சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை. கேண்டீனில் சாம்பார் ஊற்றுகிற பையன் மட்டும் இப்போது தன் தட்டில் தாராளமாக ஊற்றுவதாகச் சிரித்துக்கொண்டே சொன்னான்.

ஆடுகிறவர்களை மட்டும் குறைகூறுவது நியாயமல்ல. தோற்றால் லாபம் என்று ஆகும்படி அட்டவணை போட்டவர்களுக்கும் பொறுப்பு உண்டு. இதைக் கூட்டமைப்பு உணர்ந்திருக்கவேண்டும். அதே ஆண்டிலேயே விதியை மாற்றி, பிரிவில் இரண்டாம் இடம் பெறும் ஜோடிகள் அடுத்து யாரைச் சந்திப்பார்கள் என்பதைக் குலுக்கலுக்கு விட்டது. முன்கூட்டியே கணக்குப் போட இடமில்லாமற்போயிற்று. குடும்பத்திலும் பள்ளியிலும் வேலைத்தலத்திலும் விதிகளை வகுக்கிற இடத்தில் உங்களில் பலர் இருக்கிறீர்கள். உங்கள் அட்டவணையில் யார் பின்வாங்கினால் யாருக்கு லாபம், அதனால் யார் வெளியேறுவார் என்று ஒருமுறை பாருங்கள்.

நம் சபை வாலிபர் சங்கத்தின் இறகுப்பந்துப் போட்டி, ஷிப்ட் மாறுகிறவர்களுக்கு வசதியாக, இம்முறை இரண்டு சனிக்கிழமை மாலைகளில் நடைபெறும். காலிறுதிக்கான சீட்டுகளை லீக் ஆட்டங்கள் யாவும் முடிந்த பிறகே, எல்லோர் முன்னிலையிலும் குலுக்கி எடுக்கும்படி செயலாளரிடம் சொல்லியிருக்கிறேன். சீட்டைப் பற்றி நீதிமொழிகள் 16-ஆம் அதிகாரத்தின் கடைசி வசனத்தை வாசித்துவிட்டு வாருங்கள். பெயர் கொடுக்க விரும்புவோர் ஞாயிறு இரண்டாம் ஆராதனைக்குப்பின் அவரைச் சந்திக்கலாம்.

கர்த்தருடைய பணியில்,
உங்கள் போதகர்