ஒன்றுமில்லை, அசதிதான்

உலகத்தில் மிகக் குறைந்த மரியாதை பெற்ற வியாதி எது என்று என்னைக் கேட்டால் அசதி என்றுதான் சொல்வேன். காய்ச்சல் என்றால் நெற்றியில் கை வைத்துப் பார்க்க நாலு பேர் வருவார்கள். பல்வலிக்காரன் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றாலே போதும், தெருவோடு போகிறவனும் கிராம்பு வைத்தியம் சொல்லிவிட்டுப் போவான். "அசதியாக இருக்கிறது" என்று சொல்லிப் பாருங்கள். "யாருக்குத்தான் இல்லை?" என்று பதில் வரும். அதோடு பேச்சு முடிந்தது. சொன்னவன் கைமாற்றுக் கேட்டு இல்லையென்று சொல்லப்பட்டவனைப்போல் வேறு விஷயத்துக்குத் தாவவேண்டியதுதான்.

தமிழில் இதற்கு வார்த்தைப் பஞ்சம் இல்லை. வயலிலிருந்து வருகிறவனுக்குக் களைப்பு. ஒரே வேலையை வருஷக்கணக்காகச் செய்கிறவனுக்கு அலுப்பு. மலைக்கோவில் படி ஏறியவனுக்கு ஆயாசம். எதிலும் மனம் ஒட்டாமல் கிடப்பது சோர்வு. இவை எல்லாவற்றுக்கும் பின்னால் ஒரு நம்பிக்கை இருக்கிறது: படுத்துத் தூங்கி எழுந்தால் சரியாகிவிடும். தூங்கி எழுந்த பிறகும் அப்படியே உட்கார்ந்திருக்கிற ஒன்று உண்டே, அதற்கு நம் பேச்சில் தனிப்பெயர் இல்லை. அதையும் அசதி என்றே சொல்கிறோம். கேட்கிறவர் நேற்றைய தூக்கக்கேடு என்று நினைத்துக்கொள்கிறார்.

எனக்கு இப்போது நாற்பத்தாறு வயது. மூன்று வருஷமாக இந்தப் பெயரில்லாதது என்னோடு குடித்தனம் நடத்துகிறது. எட்டு மணி நேரம் தூங்கிவிட்டுக் காலையில் கண் விழித்தால், ராத்திரி முழுவதும் யாரோ என்னை நெல் மூட்டை தூக்க விட்டதுபோல் இருக்கும். பல் தேய்க்கிற கை பாதியில் நின்று யோசிக்கும். கதையில் ஒரு பாத்திரத்தை அறையிலிருந்து வாசல்வரை நடத்திக்கொண்டு வருவதற்குள் எனக்கு மூச்சு வாங்கும். காபி இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. ஆனால் காபி பலம் தருவதில்லை. விழித்திருக்கும் நேரமெல்லாம் மூளையில் அடினோசின் என்று ஒரு பொருள் சேர்ந்துகொண்டே போகும். அதுதான் "போதும், படு" என்று சொல்வது. காபியில் உள்ள காஃபீன் அந்தச் சத்தம் காதில் விழாமல் கதவைச் சாத்துகிறது. சாயங்காலம் கதவு திறந்ததும் மொத்தமாகக் கேட்கும்.

இத்தாலியில் டூரின் நகரத்தில் ஆஞ்செலோ மோஸ்ஸோ என்று ஒரு பேராசிரியர் இருந்தார். 1891-ல் களைப்பு என்ற தலைப்பிலேயே ஒரு புத்தகம் எழுதிய மனிதர். கையைப் பலகையில் கட்டி, நடுவிரலால் ஒரு எடையைத் திரும்பத் திரும்ப இழுக்க வைத்து, விரல் ஓய்ந்து போவதைக் கோடாக வரைந்து காட்டும் ஒரு கருவியைச் செய்தார். அதில் ஒரு வேடிக்கை நடந்தது. உடன் வேலைபார்த்த ஆசிரியர் ஒருவர் மாணவர்களை வாய்மொழியாகப் பரீட்சை செய்துவிட்டு வந்து விரலைக் கொடுத்தார். விரல் எந்த மூட்டையையும் தூக்கவில்லை; கேள்வி கேட்டது வாய், யோசித்தது மூளை. ஆனாலும் கோடு சீக்கிரமே படுத்துவிட்டது. நாற்காலியில் உட்கார்ந்திருப்பவனுக்கு என்ன களைப்பு என்று கேட்பவர்களுக்காக அந்தக் காகிதத்தைச் சட்டம் போட்டு மாட்டி வைக்கலாம். களைப்புக்குச் சாட்சி வேண்டும் என்று மோஸ்ஸோவுக்குத் தோன்றியது பெரிய விஷயம். சாட்சி இல்லாமல்தான் முக்கால்வாசிப்பேர் தோற்றுப்போகிறார்கள்.

என் அக்காவைச் சொல்கிறேன். தென்காசிப் பக்கம் வாழ்க்கைப்பட்டவள். ஐந்தாறு வருஷமாக அவளைப் போனில் கூப்பிடும்போதெல்லாம், "ஒண்ணும் இல்லடா தம்பி, ஒரே அசதியா வருது" என்பாள். அடுப்படியில் நின்றவள் சுவரில் சாய்வாள். மாடிக்குத் துணி காயப்போடப் போனால் நடுப்படியில் உட்கார்ந்துவிடுவாள். அவளுடைய மாமியார், "நாங்கள்லாம் நாத்து நட்டுட்டு வந்து உலை வச்சவோ" என்று பொதுவாகச் சுவரைப் பார்த்துச் சொல்வார். டவுனில் ஒரு டாக்டர் நாடியைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "வயசு நாப்பத்தஞ்சு ஆச்சுல்லாம்மா, அப்படித்தான் இருக்கும்" என்று ஒரு டானிக் எழுதிக் கொடுத்தார். அத்தான் நல்லவர்தான், டானிக்கைத் தவறாமல் வாங்கி வந்தார்.

அவளிடம் இன்னொரு பழக்கமும் சேர்ந்திருந்தது. அரிசிப் பானையைக் கடக்கும்போதெல்லாம் ஒரு பிடி பச்சரிசியை வாயில் போட்டு நறநறவென்று மெல்வாள். "அரிசி தின்னா கல்யாணத்தன்னிக்கு மழை பெய்யும்" என்று அவள் பிள்ளைகளே கேலி செய்வார்கள். "எனக்குத்தான் கல்யாணம் ஆயாச்சே, பெஞ்சா ஊருக்கு நல்லது" என்பாள். சிரிப்பாகத்தான் இருக்கும்.

வேறு காரியமாகத் திருநெல்வேலிக்குப் போனவளை ஒரு பெண் டாக்டரிடம் காட்ட நேர்ந்தது. அந்த அம்மாள் கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்தார். நகத்தைப் பார்த்தார். பிறகு மெதுவாக, "அரிசி, சாம்பல், செங்கல்னு ஏதாவது திங்கணும்போல இருக்குதா?" என்று கேட்டார். அக்கா என்னிடம் சொன்னபோது, அந்தக் கேள்வியைக் கேட்டதும் தனக்கு அழுகை வந்துவிட்டது என்றாள். ஆறு வருஷத்தில் தன்னை ஒருவர் கவனித்துக் கேட்ட முதல் கேள்வி அது. இரும்புச்சத்து வற்றிப்போன உடம்பு இப்படிக் கண்டதைக் கேட்கும் என்பது வைத்தியர்களுக்கு நெடுநாளாகத் தெரிந்த சங்கதி. ரத்தத்தைச் சோதித்தார்கள். ஹீமோகுளோபின் 7.2. பெண்களுக்குக் குறைந்தது 12 இருக்கவேண்டும். கர்ப்பப்பையில் நார்க்கட்டி வளர்ந்து மாதாமாதம் ரத்தம் அளவுக்கு மேல் போய்க்கொண்டிருந்திருக்கிறது. அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. யாரும் கேட்கவும் இல்லை.

மறுநாள் அந்த வீட்டில் நடந்ததைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. மாமியார் பேரீச்சம்பழத்தோடு வந்து நின்றாராம். அத்தான் தானே துணி உலர்த்தினாராம். முந்தின நாள் இருந்த அதே மனுஷிதான், அதே மூச்சிரைப்புத்தான். கூடுதலாக ஒரு துண்டுக் காகிதம் வந்திருந்தது. அதில் ஒரு எண் இருந்தது. அவள் வாயால் ஆறு வருஷம் சொன்னதை அந்த எண் ஒரு நிமிஷத்தில் நம்பவைத்துவிட்டது.

இது அவள் ஒருத்தியின் கதை இல்லை. 2019–21-ல் நாடு முழுவதும் எடுத்த குடும்பநலக் கணக்கெடுப்பில் 15 வயது முதல் 49 வயதுவரையுள்ள பெண்களில் நூற்றுக்கு 57 பேருக்கு ரத்தச்சோகை. பாதிக்கு மேல்! பஸ்ஸில் உங்கள் பக்கத்தில் கம்பியைப் பிடித்தபடி கண்ணை மூடிக்கொண்டு நிற்கிற அம்மாளுக்கு அது இருக்க வாய்ப்பு அதிகம். எல்லோருக்கும் காரணம் இரும்பு மட்டும் என்றும் இல்லை. 1928-ல் லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேய டாக்டர் பம்பாய்க்கு வந்து, பஞ்சாலைகளில் வேலைசெய்த கர்ப்பிணிப் பெண்கள் வெளுத்துச் சாய்வது ஏன் என்று ஆராய்ந்தார். அவர்கள் என்ன சாப்பிடுகிறார்கள் என்று பார்த்தார். கடைசியில் ஏழைகள்கூட வாங்கக்கூடிய மார்மைட் என்ற ஈஸ்ட் சத்து அவர்களைத் தேற்றுகிறது என்று 1931-ல் எழுதினார். அதில் மறைந்திருந்த பொருள்தான் பிற்பாடு ஃபோலிக் அமிலம் என்று பெயர் பெற்றது. இன்று ஒவ்வொரு கர்ப்பிணியின் கையிலும் அந்த மாத்திரை இருக்கிறது. ஆலைப் பெண்களின் அசதியைச் சோம்பல் என்று நினைக்காத ஒருத்தி இருந்ததால் வந்தது.

என் கதைக்கு வருகிறேன். அக்கா விட்ட ஏச்சில் நானும் சோதனைகளுக்குப் போனேன். ஹீமோகுளோபின், சர்க்கரை, தைராய்டு, பி-12 எல்லாம் பார்த்தார்கள். குறட்டை உண்டா என்று என் மனைவியைக் கேட்டார்கள். தூக்கத்தில் மூச்சு அடைபட்டு அடைபட்டு, விடியவிடியத் தூங்கியும் தூங்காதவர்களாக எழுந்திருப்பவர்கள் நிறையப்பேர் உண்டாம். மனசு எப்படி இருக்கிறது என்றும் கேட்டார்கள். நியாயமான கேள்விதான், துக்கம் பல சமயம் அசதி வேஷத்தில்தான் வரும். எல்லாம் முடிந்து காகிதங்களை அடுக்கி வைத்துவிட்டு டாக்டர், "எல்லாம் நார்மல்" என்றார். வாழ்த்துச் சொல்வதுபோல் சொன்னார். எனக்கு அது தள்ளுபடியான வழக்கின் தீர்ப்பாகக் கேட்டது.

எண் கிடைக்காதவர்களின் கதி என்ன? 1955-ல் லண்டன் ராயல் ஃப்ரீ ஆஸ்பத்திரியில் ஒரு விநோத நோய் பரவியது. டாக்டர்கள், நர்ஸுகள் உட்பட ஏறத்தாழ 300 ஊழியர்கள் விழுந்தார்கள். ஆஸ்பத்திரியையே சில மாதம் மூடினார்கள். சிலர் வருஷக்கணக்கில் ஓய்ந்தே கிடந்தார்கள். 1970-ல் இரண்டு மனநோய் வைத்தியர்கள் பழைய குறிப்புகளைப் புரட்டிவிட்டு, இது கூட்டாக வந்த மனப்பிராந்தி என்று எழுதினார்கள். விழுந்தவர்கள் பெரும்பாலும் பெண்கள் என்பதும் அவர்களுக்கு ஒரு ஆதாரம்! இந்த வகை நோய்க்காரர்களைப் படிப்படியாக உடற்பயிற்சியைக் கூட்டச் சொல்வது நெடுநாள் வழக்கமாக இருந்தது. 2015-ல் அமெரிக்க மருத்துவ அறிஞர் குழு ஒன்று, இது உடம்பைப் பீடிக்கும் நிஜமான நோய். அளவுக்கு மேல் ஒரு சிறு வேலை செய்தாலும் மறுநாள், மறுவாரம் படுக்கவைப்பதே அதன் முக்கிய அடையாளம் என்று சொல்லிற்று. 2021-ல் பிரிட்டனின் மருத்துவ வழிகாட்டும் அமைப்பு அந்தப் பயிற்சி யோசனையையே கைவிட்டது. அறுபத்தாறு வருஷம்! அதற்குள் எத்தனை பேர் "எழுந்து நட" என்ற உபதேசத்தைக் கேட்டுக்கொண்டே படுத்திருந்திருப்பார்கள்!

எனக்கு அந்த நோய் என்று யாரும் சொல்லவில்லை, நானும் சொல்லிக்கொள்ளவில்லை. ஆனால் அவர்கள் கற்றுக்கொண்ட ஒரு வித்தையைக் கடன் வாங்கியிருக்கிறேன். வரவுக்குள் செலவு. காலையில் இரண்டு மணி நேரம் எழுத்து. அதற்குமேல் பேனா கெஞ்சினாலும் மூடிவிடுவேன். மத்தியானம் மூன்று மணிக்குமேல் காபி இல்லை. ஒருநாள் கல்யாணத்துக்குப் போனால் அடுத்த நாள் வெள்ளைத்தாள். ஆபத்து கெட்ட நாளில் இல்லை, நல்ல நாளில்தான். திடீரென்று உடம்பு லேசாக இருக்கும். பரணைச் சுத்தம் செய்யலாம், பாக்கி அத்தியாயத்தை முடிக்கலாம் என்று ஆசை காட்டும். அன்றைக்குத்தான் நாற்காலியைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. கம்பங்கூழ், யோகாசனம், அதிகாலைக் குளியல் என்று யோசனை சொல்பவர்களுக்கு நன்றி சொல்லி அனுப்பிவிடுகிறேன். "சரி, உட்கார்" என்று சொல்பவர்கள் குறைவு. அவர்கள் வீட்டுக்குத்தான் இப்போதெல்லாம் போகிறேன்.

அக்கா கட்டிக்கு வைத்தியம் செய்துகொண்டு, இரும்பு மாத்திரையும் சாப்பிட்டு வருகிறாள். காபியோடு விழுங்கினால் இரும்பு உடம்பில் சரியாக ஒட்டாது. எலுமிச்சைச் சாற்றோடு சாப்பிடு என்றார்களாம். அதனால் அந்த வீட்டில் முதல் காபி ஒரு மணி நேரம் தள்ளிப்போயிற்று. அரிசிப் பானையை அவள் இப்போது திரும்பிப் பார்ப்பதில்லை. மூன்று மாதத்தில் 11.4 வந்துவிட்டது. போன வாரம் பேசும்போது சொன்னாள்: மாமியார் காகிதத்தை வாங்கிப் பார்த்துவிட்டு, ஊறப்போட்ட உளுந்தைச் சாடையாகக் காட்டினாராம்.

"நீ என்ன சொன்ன?" என்று கேட்டேன்.

"இன்னும் பன்னெண்டு வரலைல்லா அத்தைன்னுட்டு மாடிக்குப் போய்ப் படுத்துக்கிட்டேன்" என்றாள்.