ராயபுரத்தில் ரூம் கிடைக்குமா?

பீச் ஸ்டேஷனில் வடக்கே போகும் லோக்கலில் ஏறினால் அடுத்த நிறுத்தம் ராயபுரம். ஆபீஸ் அவசரத்தில் யாரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை. ஒருநாள் இறங்கித்தான் பாருங்களேன்! காசிமேட்டு மீன் வாசனையும் கன்டெய்னர் லாரி ஹாரனும் வரவேற்கும். நடுவே உயர உயரத் தூண்களோடு ஒரு கட்டடம், ராஜபார்ட் வேஷம் கலைக்காத பழைய நாடக நடிகர் மாதிரி நிற்கும்.

பிறந்த வருஷம் 1856. அந்த ஜூலை 1-ம் தேதி தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் இங்கிருந்துதான் வாலாஜா ரோடுக்குக் கிளம்பியது. 1853-ல் பம்பாயும் 1854-ல் ஹவுராவும் முந்திக்கொண்டன. ஆனால், அந்த முதல் ஸ்டேஷன் கட்டடங்கள் இன்று இல்லை. நம்முடையது இருக்கிறது! 2005-ல் ரயில்வே இதைப் புதுப்பித்துத் திறந்தது.

நான் பி.காம். எந்தக் கட்டடத்தைப் பார்த்தாலும் தேய்மானக் கணக்குப் போடுகிற புத்தி. அந்தக் கணக்குப்படி இதன் மதிப்பு எப்போதோ பூஜ்யம். சரி, இப்படிப்பட்ட கட்டடத்தை வாழவைப்பது எப்படி?

தரங்கம்பாடியில் வழி இருக்கிறது. 1620-ல் டேனிஷ்காரர்கள் வந்து கோட்டை கட்டி, 1845-ல் ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டுப் போன ஊர். அங்கே கடலோரத்துக் கலெக்டர் பங்களாவை நீம்ரானா நிறுவனம் பழுதுபார்த்துத் தங்கும் விடுதி ஆக்கியது. அறைகளுக்கு டேனிஷ் கப்பல்களின் பெயர்கள்! சூட்சுமம் சுலபம். விருந்தாளி வந்தால் வீடு சுத்தமாகும். கூரை ஒழுகினால் அன்றே ஆள் வரும். வாடகைதான் கட்டடத்தின் வைத்தியச் செலவு. பூட்டிவைத்தால் கரையானும் வௌவாலும்தான் குடித்தனம் நடத்தும், வாடகை தராமல்.

ராயபுரத்திலும் ஒரு மூலையில் இரண்டே அறை போதும். கொசுவலைக் கட்டில், ஒரு ஃபேன், ஜன்னலில் ரயில். 'ரிட்டயரிங் ரூம்' ரயில்வேக்குப் புதுசா என்ன?

வாசலில் டீ விற்றவரிடம் சொன்னேன். "இன்னா சார், வண்டி போற சத்தத்துல எவன் தூங்குவான்?"

பக்கத்தில் டீ குடித்த பெரியவர், துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், சிரித்தார். "நாங்க அம்பது வருசமா தூங்கலியா? அத்த வுடு தம்பி. ரூமு போட்டா வாடகை எவ்ளோ? எங்கூட்டுக்கு வர்ற மாப்ள தங்கற ரேட்டா, வெள்ளக்காரன் தங்கற ரேட்டா?"

நியாயமான கேள்வி. என் யோசனை இது: ஓர் அறை வெளியூர்க்காரருக்கு, முழு ரேட்டில். அந்தக் காசில் இன்னோர் அறை ராயபுரத்து மாப்பிள்ளைக்கு, பாதி ரேட்டில்.

பற்று வரவு டாலி ஆகிறதா, இல்லையா?