மண்டபத்துக்குப் பின்னால் ஒரு டம்ளர்

சித்தப்பா கல்யாணத்தில்தான் ஆரம்பித்தது. எட்டாம் வகுப்பு முழுப்பரீட்சை லீவு. மண்டபத்துக்குப் பின்னால், வேன் மறைவில் உட்கார்ந்திருந்த மாமா பிளாஸ்டிக் டம்ளரை நீட்டினார். "ஆம்பளப் புள்ளதானடா, ஒரு மடக்கு குடி. அம்மாகிட்ட மூச்சு விடாத."

அன்று ராத்திரி பாட்டுக் கச்சேரியில் மேடையேறி ஆடினான். நாலு பேர் எதிரே வாய் திறக்காத பிள்ளை ஆடியதைப் பார்த்து அம்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை, பாவம்.

21 வயது ஆகாதவர்களுக்கு மது விற்கக் கூடாது என்பது தமிழ்நாட்டில் சட்டம். கடைக்கு அவன் போகவே தேவைப்படவில்லை. விசேஷம், கோயில் கொடை என்று யாராவது ஊற்றிக் கொடுத்தார்கள். கூச்சம் போக வேறு வழியே இல்லை என்று மனசில் பதிந்துவிட்டது.

திருப்பூரில் பனியன் கம்பெனி வேலை. இருபத்திரண்டு வயதுக்கு மேல் மூன்று பெண்களோடு பழக்கம். மூன்று முறையும் போதை. ஆணுறை பர்ஸில்தான் இருந்தது, எடுக்கத் தோன்றவில்லை. மூன்றாவது முறை, அந்தப் பெண் சம்மதித்தாளா என்பதே அவனுக்கு நினைவில்லை. எய்ட்ஸ் பயத்தைவிட அதுதான் இப்போது அவனைத் தூங்கவிடாமல் செய்கிறது. செய்யத்தான் வேண்டும்.

நிச்சயதார்த்தம் முடிந்த மறுவாரம் அரசு மருத்துவமனை நம்பிக்கை மையத்துக்குப் போனான். அங்கே ரத்தப் பரிசோதனை இலவசம். விவரம் வெளியே போகாது. ஆலோசகர் அம்மா கேட்டார்: "முதல்ல குடிச்சது எந்த வயசுல தம்பி?"

"பதிமூணு மேடம்."

அவர் ஆச்சரியப்படவில்லை. சிறு வயதிலேயே குடிக்கத் தொடங்கியவர்கள் வாலிபத்தில் பாதுகாப்பில்லாத உறவுகளில் சிக்குவது அதிகம் என்று ஆய்வுகள் சொல்கின்றன. குடி காரணமா, வளர்ந்த சூழ்நிலை காரணமா என்ற சர்ச்சையும் உண்டு. இவன் விஷயத்தில் இரண்டையும் எப்படிப் பிரிப்பது? ஊற்றிக் கொடுத்ததே வீடுதானே.

நோய் இல்லை என்றுதான் முடிவு வந்தது. ஆனால் கடைசி உறவுக்கு மூன்று மாதம் ஆகியிருக்கவில்லை. அதுவரை தொற்று பரிசோதனையில் தெரியாமல் போகலாம், மறுபடி வரவேண்டும் என்றார். "இனிமே 72 மணி நேரத்துக்குள்ள வந்தா தடுக்க மருந்து இருக்கு, 28 நாள் சாப்பிடணும். இதை யாராவது முன்னாடியே சொல்லியிருக்கணும்."

கல்யாணத்தைத் தள்ளிவைக்க வேண்டும். காரணம் கேட்பாள். அன்று சாயங்காலம், குடிக்காமல், அவளுக்குப் போன் போட்டான். இரண்டு ரிங் போனதும் கட் செய்துவிட்டான்.

அவளே திரும்பக் கூப்பிட்டாள்.