திருப்பிக் கொடுத்தல்

நாயைத் தத்துக் கொடுக்கும் மீட்புக் குழுக்கள் பலவும் ஒரு நிபந்தனை விதிக்கின்றன: வளர்க்க இயலாவிட்டால் எங்களிடமே திருப்பித் தர வேண்டும், பிறருக்குக் கைமாற்றவோ தெருவில் விடவோ கூடாது. நண்பர் ஒருவர் இதனை அவநம்பிக்கை என்றார். எனக்கு அவ்வாறு தோன்றவில்லை.

கோம்பை நாய்களுக்குப் பெயர்பெற்ற இவ்வட்டாரத்தில், போடிமெட்டுக்கு ஏறும் மலைப்பாதை வளைவுகளில், கழுத்துப்பட்டையோடு நின்று கடந்துபோகும் ஒவ்வொரு காரையும் உற்றுப்பார்க்கும் நாய்களைக் கண்டிருக்கிறேன். விட்டுச்சென்றவர்களுக்குத் திருப்பித் தர ஓர் இடம் இல்லாதிருந்திருக்கும். அல்லது கேட்க வெட்கமாயிருந்திருக்கும்.

டில்லித் தெருநாய் வழக்கில் 2025 ஆகஸ்ட் 22 அன்று உச்ச நீதிமன்றமும், தத்தெடுத்த நாய் மீண்டும் தெருவுக்கு வராமல் காப்பது தத்தெடுத்தவர் பொறுப்பு என்றது.

'தத்து' என்னும் சொல்லுக்குத் தமிழில் ஆபத்து என்றும் பொருளுண்டு. இயலாதவர் வெட்கமின்றித் திரும்பிவர ஒரு வாசல் திறந்திருந்தால், அப்பொருள் நாய்க்கு நேராது.