ஐந்தாவது செட் யாருக்கு?



நம் வகுப்பில் பர்கர் பிடிக்காதவர்கள் கையைத் தூக்குங்கள் என்றால் ஒரு கைகூட எழும்பாது. எனக்கும் பிடிக்கும். ஜெர்மனியில் உள்ள ஹாம்பர்க் என்ற ஊரின் பெயரில் இருந்துதான் ஹாம்பர்கர் என்ற பெயரே வந்தது. அமெரிக்காவில் விச்சிட்டா என்ற ஊரில் 1921-இல் தொடங்கிய 'ஒயிட் காசில்' கடை அதை ஐந்து சென்ட்டுக்கு விற்றது. 1996-இல் மெக்டொனால்ட்ஸ் இந்தியாவுக்கு வந்தபோது மாட்டிறைச்சியை விட்டுவிட்டுத்தான் வந்தது. உருளைக்கிழங்கு வடையை நடுவில் வைத்த பர்கரும் பிறகு வந்து சேர்ந்தது. ஊருக்கு ஊர் வேஷம் மாறும், அவ்வளவுதான்!

யோசித்துப் பாருங்கள், பர்கர் என்றால் என்ன? மேலே ஒன்று, கீழே ஒன்று, நடுவிலே ருசி. அப்படிப் பார்த்தால் எங்க சேலத்துக்காரங்ககிட்ட பர்கர் ரொம்ப நாளாவே இருக்கு. அதற்குப் பெயர் தட்டுவடை செட்!

ஓசூர் நண்பர்கள் பலர் "அது என்னடா செட்டு?" என்று என்னிடம் கேட்டதுண்டு. சொல்கிறேன். அரிசி மாவில் கடலைப்பருப்பு, மிளகாய், கறிவேப்பிலை எல்லாம் போட்டுத் தட்டி, எண்ணெயில் மொறுமொறுவென்று பொரித்தெடுத்தால் தட்டுவடை. செட்டுக்கென்று தட்டுவது ஒரு வாய்க்குள் அடங்குகிற அளவுதான் இருக்கும். ஒன்றின் மேல் பச்சைச் சட்னி, இன்னொன்றின் மேல் சிவப்புச் சட்னி. நடுவில் துருவிய கேரட், பீட்ரூட், பொடியாக நறுக்கிய வெங்காயம், கொத்தமல்லி. இரண்டையும் சேர்த்து மூடினால் ஒரு செட். பூண்டு செட், மாங்காய் செட், முறுக்கு செட் என்று வகைகளும் உண்டு. தட்டுவடையை நொறுக்கிக் கலந்து கொடுத்தால் அது நொறுக்கல்.

இதில் ஒரு அறிவியலும் இருக்கிறது. உப்புப் பட்டால் காய்கறி தண்ணீர் விடும். தண்ணீர் பட்டால் தட்டுவடை நமத்துப் போகும். அதனால் நல்ல கடையில் முன்கூட்டியே செய்து அடுக்கி வைக்க மாட்டார்கள். நீங்கள் கேட்ட பிறகுதான் கை ஓடும். வாங்கியவுடன் அங்கேயே நின்று தின்ன வேண்டும். பார்சல் வாங்கினால் பாதி ருசி வழியிலேயே போய்விடும். செட்டுக்கடையைச் சுற்றி எப்போதும் கூட்டம் நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

நான் எட்டாம் வகுப்பு வரை சேலம் குகையில் இருந்தேன். எங்கள் தெருவில் தறிச் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். சேலம் வெண்பட்டுக்குப் புவிசார் குறியீடு உண்டு, தெரியுமா? என் அப்பாவும் தறி நெய்தவர்தான். தெருவில் பாவு போட்டிருந்தால் அந்தப் பக்கம் நாங்கள் சைக்கிள் விடக் கூடாது. விட்டால் தொலைந்தோம்!

நாங்கள் நாலு பேர். நெட்டை, கண்ணாடி, எதிர்வீட்டுக்காரன், நான். எங்களுக்கு மூன்று இடம் உண்டு. ஒன்று, தறிக்காரத் தாத்தா வீட்டுத் திண்ணை. தார் சுற்றிக் கொடுத்தால் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் உட்காரலாம். இரண்டு, மாரியம்மன் கோவில் பக்கம். ஆடி மாதம் வண்டி வேடிக்கை வந்தால் சாமி வேஷம் போட்டவர்களை வண்டியில் பார்ப்பதற்கு அங்கே இடம் பிடிப்போம். மூன்றாவதுதான் ஆயாவின் செட்டுக்கடை.

கடை என்றால் ஒரு தள்ளுவண்டி, ஒரு பல்பு, பக்கத்தில் ஒரு கல். அந்தக் கல்தான் எங்கள் சோபா! நாலு பேர் சில்லறையைச் சேர்த்தால் ஒரு பிளேட்டுக்குத்தான் வரும். பிளேட்டில் ஐந்து செட். ஆளுக்கு ஒன்று போக ஒன்று மிச்சம். அந்த ஐந்தாவது செட்டுக்குத் தினமும் சண்டை.

ஒருநாள் சண்டை பொறுக்க முடியாமல் ஆயா ஒரு தீர்ப்பு சொன்னார்.

"ஏஞ்சாமி அடிச்சுக்கிறீங்க? இன்னைக்கு யாருக்கு மனசு சரியில்லையோ அவனுக்குக் குடுங்க."

அன்றிலிருந்து அதுதான் சட்டம். கணக்கில் மார்க் குறைந்தவனுக்கு ஐந்தாவது செட். வீட்டில் அடி வாங்கியவனுக்கு ஐந்தாவது செட். இதில் ஒரு விஷயம் பாருங்கள். செட் வேண்டும் என்றால் நடந்ததைச் சொல்ல வேண்டும். அதனால் யாரும் எதையும் மறைக்கவில்லை. எங்க அப்பாவுக்குத் தறி வேலை குறைஞ்சு போச்சுன்னு நான் முதன்முதலா வாயைத் திறந்து சொன்னது அந்தக் கல்லு மேல உட்கார்ந்துதான். அன்னைக்கு யாரும் ஒண்ணும் பேசலை. பிளேட்டை என் பக்கம் தள்ளி விட்டாங்க.

பிறகு அப்பாவுக்கு ஓசூரில் கம்பெனி வேலை கிடைத்தது. 160 கிலோமீட்டர் தள்ளி வந்துவிட்டோம். ஓசூரில் எனக்கு எல்லாம் கிடைத்தது, செட்டைத் தவிர! தேடித் தேடிப் பார்த்தேன். ஒரு கடையில் கிடைத்தது. ஆனால் காலையிலேயே செய்து வைத்தது போல நமத்துப் போயிருந்தது. இன்னொரு இடத்தில் சட்னியில் இனிப்பு. உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்பார்கள். காரமில்லா செட்டை எங்கே போடுவது?

அப்புறம்தான் எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு வண்டியைப் பார்த்தேன். நிப்பட்டு மசாலா! நிப்பட்டு என்பது கன்னடக்காரர்களின் தட்டுவடை. மாவில் வேர்க்கடலை சேர்ப்பார்கள். மேலே வெங்காயம், கேரட், மசாலா, எலுமிச்சை. சேலத்துச் செட்டுக்கு மூடி உண்டு, இதற்கு மூடி இல்லை. அண்ணன் தம்பி மாதிரி முகஜாடை! அந்த வண்டிக்கார அக்கா வீட்டுக்காரரிடம் கன்னடம், பக்கத்துக் கடையில் தெலுங்கு, என்னிடம் தமிழ் பேசுவார். கேட்ட பிறகுதான் செய்து கொடுக்கிறார். கடித்தவுடன் 'நறுக்'கென்று சத்தம் வந்தது. எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது. காரம் என்று அக்காவிடம் சொல்லிக்கொண்டேன்.

ருசி கிடைத்துவிட்டது. ஆனால் ஒரு பிளேட்டை ஒருத்தனே தின்றால் ஐந்தாவது செட் என்ற ஒன்றே கிடையாதே!

இந்த வருடம் ஆடிக்குக் குகைக்குப் போயிருந்தேன். தறிக்காரத் தாத்தா வீட்டுத் திண்ணையை இடித்துவிட்டு கேட் போட்டிருந்தார்கள். ஆயாவுக்கு முட்டிவலி. மருமகள் செட் போட, ஆயா ஸ்டூலில் உட்கார்ந்து "வெங்காயம் இன்னும் பொடிசா அரி" என்று அதிகாரம் பண்ணிக்கொண்டிருந்தார். எதிர்வீட்டுக்காரன் குடும்பத்தோடு திருப்பூர் போய்விட்டான். கண்ணாடியும் நெட்டையும் வந்தார்கள்.

நெட்டை பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டு வெள்ளிக் கொலுசுப் பட்டறைக்குப் போகிறான். எங்கள் நாலு பேரில் கணக்கில் அவன்தான் முதல். விரல் நுனியெல்லாம் கறுத்திருந்தது. காசை அவனே கொடுத்தான். "சம்பளம் வாங்கியிருக்கேன்டா" என்றான்.

மூன்று பேர், ஐந்து செட். ஆளுக்கு ஒன்று எடுத்தோம். மிச்சம் இரண்டு. நான் ஒன்றை நெட்டை பக்கம் தள்ளினேன். அவன் சிரித்துக்கொண்டே இன்னொன்றை எடுத்து என் கையில் வைத்தான்.

"நீதான்டா தனியா இருக்கே. எங்களுக்கு ஆயா இருக்கு."

அப்புறம் மெதுவாகக் கேட்டான், "பதினொண்ணாவது கணக்கு ரொம்பக் கஷ்டமாடா?" பட்டறை முடிந்த பிறகு படிக்க முடியுமா என்று அவன் யோசிக்கிறான். பள்ளிக்குப் போகாமலே மேலே படிக்க என்ன செய்ய வேண்டும் என்று நம் ஆசிரியர்களிடம் கேட்டு எழுதுவதாகச் சொல்லி வந்திருக்கிறேன். இதைப் படிக்கும் ஆசிரியர்கள் தயவுசெய்து எனக்கு வழி சொல்லுங்கள்.

நண்பர்களே! பர்கரோ, செட்டோ, நிப்பட்டோ, எதை வேண்டுமானாலும் தின்போம். ஆனால் தின்று முடித்த பிறகும் "எழுந்து போ" என்று சொல்லாத ஒரு கல் இருக்கிறதா என்று பாருங்கள். பக்கத்தில் இருப்பவன் வாடிய முகத்தோடு இருந்தால் ஏன் என்று கேளுங்கள். கேட்கப் பயமாக இருந்தால் பிளேட்டை அவன் பக்கம் தள்ளுங்கள், போதும்.

சனிக்கிழமை மாலை நான் நிப்பட்டு வண்டியில்தான் இருப்பேன். வருகிறவர்கள் சில்லறை கொண்டு வாருங்கள்!

— பதினொன்றாம் வகுப்பு மாணவன்